கடல் கடந்து கற்ற அண்ணல்

ஊர்தோறும் அவருக்குச் சிலை இருக்கின்றது. நீலநிறக் கோட்டு, கையில் அரசியலமைப்புச் சட்ட நூல், வானை நோக்கி நீட்டிய சுட்டுவிரல். எங்கள் ஊர் முச்சந்தியிலும் அப்படி ஒரு சிலை உண்டு. சிறுவயது முதல் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயினும் அந்தக் கோட்டை அவர் முதன்முதலில் எப்போது அணிந்தார், எந்த ஊர்க் குளிருக்காக அணிந்தார் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ண வைத்தது எங்கள் வகுப்பறைதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இளம் அறிவியல் வகுப்பில் நுழைந்த முதல்நாள், இயற்பியல் விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் ஓடியது. எனக்குத் தெரிந்த விசையும் முடுக்கமும் வேறு பெயரில் வந்து என்னைத் தெரியாதது போல் கடந்து சென்றன! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் போய்க் கேட்க ஆள் இல்லை. அந்த நாள்களில்தான் நூலகத்தில் டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். சட்டமேதையைத் தேடிச் சென்ற எனக்கு அங்கே ஒரு மாணவர் கிடைத்தார். தாய்மொழியல்லாத மொழியில், தெரியாத நாட்டில், எண்ணிக் கொடுக்கப்பட்ட பணத்தையும் எண்ணிக் கொடுக்கப்பட்ட மாதங்களையும் வைத்துக்கொண்டு பொருளாதாரம் படித்த மாணவர். அந்த மாணவரைப் பற்றி மட்டுமே இங்கு எழுத விரும்புகின்றேன். தலைவரைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். தாய்மொழி மராத்தி. தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். மகார் என்னும் தீண்டப்படாத சாதியில் பிறந்த பிள்ளை என்பதால் சாத்தாரா பள்ளியில் பீமராவ் உட்கார வீட்டிலிருந்தே ஒரு சாக்குத் துணி கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறக்கக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கின்றோம். பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது பலருக்குத் தெரியாது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட அவரை அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்தனர். அதே காலத்தில் அவர் வடமொழி படிக்க விரும்பினார். இடம் தரப்படவில்லை. பாரசீகம் படித்தார்.

ஒரு மொழி கதவைச் சாத்தியது. மற்றொரு மொழி, அதுவும் கடல் கடந்து வந்த மொழி, திறந்தது. திறந்து வைத்தவர் தந்தை. ராம்ஜி தம் மகனுக்கு ஆங்கிலத்தைத் தாமே கற்பித்தார். தர்க்கட்கர் என்பார் எழுதிய மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களை வைத்துக்கொண்டு, மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மாற்றி மாற்றி எழுத வைத்தார். பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் சால் கட்டடத்தில் அவர்கள் குடியிருந்தது ஒரே அறையில். சமையலும் அங்கே, தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே, உறக்கமும் அங்கே. எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லை. ஆகவே மகனை முன்னிரவில் உறங்க வைத்துவிட்டுத் தந்தை இரவு 2 மணிவரை விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தாம் படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கடியில் விடியும்வரை மகன் படிப்பார். பாடநூல் அல்லாத நூல் ஏதேனும் மகன் கேட்டால், கையில் காசில்லாத அந்த ஓய்வுபெற்ற சுபேதார், மணமாகிப்போன தம் பெண்களின் வீட்டுக்கு நடந்து சென்று கடன் கேட்பார். பணம் இல்லையென்றால் அவர்களுடைய நகை ஒன்றை வாங்கி அடகு வைப்பார். அந்தச் சகோதரிகளைப் பற்றி வரலாற்று நூல்களில் இரண்டு வரிக்கு மேல் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகின்றது.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவியோடு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 தொடக்கத்தில் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த சில நாள்களிலேயே தந்தைக்கு உடல்நலமில்லை என்று தந்தி வந்தது. புறப்பட்டார். வழியில் சூரத்து நிலையத்தில் தந்தைக்காக இனிப்பு வாங்க இறங்கினார். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. தந்தையின் கை மகனின் முதுகைத் தடவியது. பிப்ரவரி 2-ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஒரு பொட்டலம் இனிப்புக்காக இழந்த அந்த ஒரு நாளை அவர் எத்தனை முறை எண்ணியிருப்பார்!

அதே ஆண்டு பரோடா மன்னர் சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முன்வந்தார். அம்பேத்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். காலம் 3 ஆண்டு. படித்து வந்ததும் 10 ஆண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் 1913 ஜூன் 4-ஆம் நாள் கையெழுத்திட்டார். மனைவி ரமாபாயையும், பிறந்து சில மாதமேயான மகன் யஷ்வந்தையும் பம்பாயில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். ஜூலையில் நியூயார்க் மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு வயது 22.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! ஒரே அறையில் வளர்ந்த இளைஞர் வானளாவிய கட்டடங்களின் நடுவே நிற்கின்றார். முதலில் ஹார்ட்லி ஹால் என்னும் மாணவர் விடுதியில் இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குமேல் அங்கே தாங்கவில்லை. சாப்பாடு ஒத்துவரவில்லை, மாட்டிறைச்சிப் பண்டங்கள் மிகுதி. பிறகு பலநாட்டு மாணவர்கள் தங்கும் காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் ஹால் என்னும் விடுதி. அங்கே அறைத்தோழராக வாய்த்தவர் நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. அதன் அருமை இக்கட்டுரையில் மறுபடியும் வரும்.

முதல் சில மாதங்கள் அவர் படிக்கவில்லை. ஆம், அண்ணல் அம்பேத்கர்தான்! ஊர் சுற்றினார், நண்பர்களோடு பேசிக் களித்தார், விளையாடினார். இதை மறைத்துவிட்டு எழுதுகின்றவர்கள் உண்டு. மறைப்பானேன்? பிறந்தது முதல் எங்கே உட்காரலாம், எதைத் தொடலாம் என்று அளந்து அளந்து வாழ்ந்த ஒருவர், யாரும் சாதி கேட்காத ஊரில், எல்லோரோடும் ஒரே மேசையில், ஒரே துணி விரிப்பின்மேல் சாப்பிட உட்கார்ந்தால் சில மாதமாவது அந்தச் சுதந்திரத்தைச் சுவைக்கமாட்டாரா? பிறகு ஓர் இரவு, ஊரில் வறுமையில் கிடக்கும் குடும்பத்தையும், தம்மை அனுப்பி வைத்தவர்களையும் நினைத்தார். 36 மாதத்தில் எத்தனை போய்விட்டது என்று கணக்கிட்டார். அன்று தொடங்கியது அவருடைய உண்மையான படிப்பு. நாளொன்றுக்கு 18 மணி நேரம் படித்தார் என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களின் பட்டியலைப் பார்த்து நான் மலைத்துப் போனேன். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. ஆக 58. இவை போதாவென்று பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தொடக்கப் பாடம் ஒவ்வொன்று! ஆங்கிலமே கற்று வந்த மொழி. அந்த மொழியின் வாயிலாக இன்னும் இரண்டு மொழிகள். நமக்கு ஒரு பாடத்தில் ஒரு கலைச்சொல் புரியவில்லையென்றால் அன்றைய வகுப்பே போய்விடுகின்றது. அவரோ, ஆராய்ச்சி செய்ய எந்த மொழி வேண்டுமோ அந்த மொழியைத் தேடிப் போய்க் கற்றார்.

ஆசிரியர்கள் பெரியவர்கள். அரசு நிதித்துறையில் உலகப் புகழ்பெற்ற எட்வின் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டியூவி, வரலாற்றில் ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், மானிடவியலில் கோல்டன்வைசர். இவர்களில் டியூவியின் சிந்தனை அவருடைய எழுத்தில் கடைசிவரை ஒலித்தது. மக்களாட்சி என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழும் முறை என்று பிற்காலத்தில் அவர் வலியுறுத்தியதற்கு வித்து அந்த வகுப்பறையில் விழுந்ததுதான். நூல்கள் வாங்குவதில் அவருக்கு அடங்காத ஆசை. பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஏறத்தாழ 2,000 நூல்களைச் சேர்த்தார் என்பர். மாதம் பதினொன்றரைப் பவுனில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி, விடுதிக்கும் கட்டி, இத்தனை நூலும் வாங்கியவர் வயிற்றுக்கு என்ன செலவிட்டிருப்பார் என்பது கணக்குப் பாடம் படிக்காதவருக்கும் விளங்கும்.

நியூயார்க் சேர்ந்த சில வாரங்களில் தந்தையின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கின்றது. அதில் தம் படிப்பைப் பற்றிப் பெருமை பேசவில்லை. பிள்ளைகளின் வாழ்வுக்குப் பெற்றோர் வடிவம் கொடுக்க முடியும் என்றும், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் படித்தால் நம் முன்னேற்றம் விரைந்து வரும் என்றும் எழுதினார். 1913-இல், 22 வயதில்!

1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்னும் பொருள்பற்றிக் கட்டுரை படித்தார். சாதி எப்படித் தோன்றியது, எப்படி நிலைத்தது என்பதை ஆராய்ந்து, தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமுறைதான் அதன் உயிர்நாடி என்று நிறுவினார். எங்கள் துறையில் சென்ற ஆண்டு நடந்த கருத்தரங்கில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச எழுந்து, இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்தவன் நான். ஆகவே அந்தக் காட்சியை நான் மிகவும் எண்ணிப் பார்க்கின்றேன். கேட்பவர்கள் சாதி என்றால் என்னவென்று அறியாத அமெரிக்க மாணவர்கள். சொல்பவர் அதன் சூட்டைத் தோலில் தாங்கியவர். அந்தக் கட்டுரையில் அவர் தம் கதையைச் சொல்லவில்லை. கரும்பலகையும் இல்லை, சாக்குத் துணியும் இல்லை. சான்றுகளும் தருக்கமும் மட்டுமே. அடுத்த ஆண்டே இந்தியன் ஆண்டிக்குவரி என்னும் ஆராய்ச்சி இதழில் அது அச்சேறியது.

1916-இல் செலிக்மனின் அறிமுகக் கடிதத்தோடு இலண்டன் சென்றார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆராய்ச்சிக்கும், கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்புக்கும் பதிந்துகொண்டார். ஓராண்டு ஆவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா அரசு திரும்பி வரச் சொன்னது. விட்ட இடத்தில் தொடர நான்கு ஆண்டுக்குள் வரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டு புறப்பட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய பெட்டிகளை ஏற்றிச் சென்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. சேர்த்த நூல்களில் ஒரு பகுதி கடலடியில் போயிற்று. வேறு கப்பலில் வந்த அவர் 1917 ஆகஸ்டு 21-ஆம் நாள் பம்பாய் வந்து சேர்ந்தார். மூழ்கிய பொருள்களுக்கு இழப்பீடாக வந்த 600 ரூபாயில்தான் பரோடா போவதற்கே வழி பிறந்தது. எப்படியிருக்கின்றது பாருங்கள்! மூழ்கிய நூல்களின் விலையில் வேலைக்குச் சென்றார்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். வெளிநாடு சென்றவர் அந்நாட்டு வாழ்வுக்குப் பழகுவது பற்றி எல்லோரும் பேசுகின்றனர். குளிர், உணவு, மொழி என்று. அம்பேத்கருக்கு அவையெல்லாம் சில மாதங்களில் பழகிப்போயின. பழக முடியாமற் போனது பரோடா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஆண்டுகள் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பையே தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டன என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கின்றார். பரோடா நிலையத்தில் இறங்கியவுடன் அந்த நினைப்பு திரும்பி வந்தது. எங்கே தங்குவது?

இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பெயரை மறைத்து நுழையவும் மனமில்லை. இறுதியில் ஒரு பார்சி விடுதியில், நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். மாடியில் பழைய சாமான்கள் அடைந்து கிடந்த கூடம், மின்விளக்கு இல்லை, பேச ஓர் ஆள் இல்லை. அலுவலகத்திலோ, கொலம்பியாவில் படித்து வந்த அந்த அதிகாரியின் மேசைக்குக் கோப்புகளைச் சேவகர்கள் தூரத்திலிருந்து வீசினர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாத்தாரா பள்ளிக்கும் பரோடா தலைமைச் செயலகத்துக்கும் இடையே அட்லாண்டிக்கைக் கடந்து போய்வந்தாகிவிட்டது. தண்ணீர் மட்டும் அன்றுபோலவே இன்றும் இல்லை!

பதினொன்றாம் நாள் காலை அலுவலகம் புறப்படும் வேளையில் கையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் மாடியேறி வந்தனர். விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூச்சலிட்டனர். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டிச் சென்றனர். அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, தம் வீட்டில் வைத்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறித்துவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பம்பாய் வண்டிக்கு நேரம் ஆகும்வரை, அமெரிக்கப் பட்டம் பெற்ற அந்த 26 வயது இளைஞர் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பசியும் தாகமும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தார். இதைப் படித்த அன்று நூலகத்தை மூடும்வரை அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை.

பம்பாயில் பங்குச் சந்தை வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். பொருளாதாரம் படித்தவருக்கு ஏற்ற தொழில்தான். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வருவோர் நின்றனர், தொழிலும் நின்றது. 1918 நவம்பரில் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். ஊதியம் மாதம் 450 ரூபாய். அந்தக் கல்லூரி 1913-இல், அவர் கப்பலேறிய அதே ஆண்டில், நிறுவப்பட்டது. இந்தியாவில் வணிகக் கல்விக்கு முன்னோடி அது. தொடக்கத்தில் மாணவர்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. சில வாரங்களில் பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கி அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தனர். ஆனால் பேராசிரியர்கள் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றியவர்களில் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். மறுபடியும் தண்ணீர்!

ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். எதற்காக? விட்டு வந்த இலண்டன் படிப்புக்காக. இதற்கிடையில் 1920 ஜனவரியில் மூக்நாயக் என்னும் இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது பெயரின் பொருள். அதன் மொழி மராத்தி. ஆங்கிலத்தில் அத்தனை தேர்ச்சி பெற்றவர் தம் மக்களோடு பேச மராத்தியைத்தான் எடுத்தார் என்பதை, ஆங்கிலம் வந்ததும் தமிழை மறக்கத் துடிக்கும் நம்மில் சிலர் கவனிக்க வேண்டும். (இதை எழுதும்போது எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் என் வகுப்பு நண்பர்கள் நம்பமாட்டார்கள்.)

1920-இல் தம் சேமிப்பையும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியையும், நவல் பத்தேனா கடனாகக் கொடுத்த 5,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார். நியூயார்க்கில் ஓர் அறையில் பிறந்த நட்பு இலண்டன் பட்டத்துக்கு வழிச்செலவு ஆயிற்று. பார்சி விடுதியிலிருந்து தடியால் விரட்டப்பட்டவருக்குப் பார்சி நண்பர் ஒருவர்தான் கைகொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலண்டன் வாழ்க்கை நியூயார்க்கைவிடக் கடினமானது. விடுதி நடத்திய அம்மையார் காலையில் கொடுப்பது ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் பழப்பாகு, ஒரு கோப்பைத் தேநீர். அதைச் சாப்பிட்டுவிட்டு, வண்டிச் சத்தம் மிச்சம் பிடிக்க நடந்தே பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குப் போவார். கதவு திறக்கும்போது முதல் ஆளாக நுழைவார். நண்பகல் உணவு கிடையாது. மூடும் நேரத்தில் காவலர் வந்து சொன்ன பிறகே எழுவார். கோட்டுப் பைகள் நிறையக் குறிப்புத் தாள்கள். அங்கிருந்து வேறொரு நூலகம். இரவு அறைக்குத் திரும்பிப் படித்துக்கொண்டேயிருக்கையில் பத்து மணிக்குப் பசி கிள்ளும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளக் கட்டிலிருந்து நான்கை எடுத்துத் தகரத் தட்டில் சுட்டு, ஒரு கோப்பைச் சூடான பானத்தோடு தின்றுவிட்டு மறுபடியும் விடியும்வரை படிப்பார். உறங்கச் சொன்ன அறைத்தோழரிடம், தம்மிடம் உணவுக்குப் பணமும் இல்லை, உறக்கத்துக்கு நேரமும் இல்லை என்ற கருத்தில் மறுமொழி சொன்னாராம்.

பம்பாயில் ரமாபாயின் நிலை இதைவிட மோசம். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரை அத்தம்பதியர் அடுத்தடுத்து இழந்தனர். கணவரின் பட்டங்களுக்கு அந்த அம்மையார் கொடுத்த விலையை எந்தப் பல்கலைக்கழகமும் பதிந்து வைக்கவில்லை.

1921-இல் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்திலும் படிக்க விரும்பி, கொலம்பியாவில் கற்ற ஜெர்மன் மொழியிலேயே விண்ணப்பம் எழுதினார். சிலகாலம் அங்குச் சென்றும் இருந்தார். 1922-இல் பாரிஸ்டர் ஆனார். அதே ஆண்டு டி.எஸ்ஸி. பட்டத்துக்காக ரூபாயின் சிக்கல் என்னும் ஆய்வேட்டை அளித்தார். வெள்ளியாலான நம் ரூபாய்க்கும் பொன்னாலான ஆங்கிலப் பவுனுக்கும் இடையே ஆட்சியாளர் செய்துவந்த மாற்று ஏற்பாட்டை அந்த ஆய்வு அலசியது. நாணயத்தை விரும்பியபடி பெருக்க அரசுக்குக் கைவிடுதலை கொடுத்தால் விலைவாசி ஏறும், ஏறினால் அடிபடுகின்றவன் ஏழை என்பது அவர் வாதத்தின் சாரம். அக்காலத்தில் பொருளியல் மேதை கீன்ஸ் ஆதரித்திருந்த முறையை ஓர் இந்திய மாணவர் எதிர்த்து எழுதினார். ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அவர்கள் நகரில், அவர்கள் மொழியில், அவர்கள் நூலகத்துச் சான்றுகளை வைத்தே குற்றம் சாட்டினார்!

தேர்வாளர்கள் ஏற்கவில்லை. மாற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் ஊர் திரும்பி, பம்பாயில் இருந்தபடியே திருத்தி எழுதி ஆகஸ்டில் அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை, சொன்ன முறையை மட்டும் சற்றுத் தணித்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் பட்டம் வந்தது; நூலும் இலண்டனில் வெளியாயிற்று. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். அம்முன்னுரையிலேயே தம் மாணவரோடு சில இடங்களில் தமக்கு உடன்பாடில்லை என்றும் எழுதினார். அப்படிப்பட்ட ஆசிரியரும் அப்படிப்பட்ட மாணவரும்! நூலை அவர் காணிக்கையாக்கியது மன்னர்களுக்கு அன்று. தம் தாய் தந்தையர் நினைவுக்கு. இரவு 2 மணிக்கு எழுப்பிவிட்ட அந்தச் சுபேதார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பிறகு நடந்தவை நாடறிந்தவை. 1925-இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். 1927-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முறைப்படி டாக்டர் பட்டம் வழங்கியது. இலண்டனில் அவர் தங்கிய ஹென்றி மன்னர் சாலை 10-ஆம் எண் வீட்டை 2015-இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகின்றேன். 1952-இல் அரசியலமைப்பை உருவாக்கியமைக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்துறையில் மதிப்புறு டாக்டர் பட்டம் அளிக்க அழைத்தது. 61 வயது, நீரிழிவும் கால்வலியும் வாட்டிய உடல். இம்முறை கப்பல் அன்று, விமானம். படித்த இடத்தை மீண்டும் பார்ப்பதைவிட, 92 வயதாகியிருந்த தம் ஆசிரியர் ஜான் டியூவியைப் பார்ப்பதையே அவர் எதிர்நோக்கியிருந்தார். விமானம் வழியில் இருந்தபோதே, ஜூன் 1-ஆம் நாள், நியூயார்க்கில் டியூவி காலமானார். சூரத்தில் தவறவிட்ட வண்டிபோலவே இதுவும் ஆயிற்று. ஜூன் 5-ஆம் நாள் கொலம்பியாவில் பட்டமளிப்பு விழா நடந்தது. 39 ஆண்டுகளுக்குமுன் தனியாக வந்து இறங்கிய மாணவர் மேடையேறிப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார்.